ராயபுரத்தில் சாம் மோஸ்ட்: பீபாப் புல்லாங்குழலைக் கேட்கவும் வாசிக்கவும்

பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பீபாப் என்பதைச் சுருக்கி ‘பாப்’ என்று எழுதினால் தமிழில் அது பாப் பாட்டு ஆகிவிடும். அதனால் முழுசாகவே எழுதுகிறேன். 1940-களில் நியூயார்க்கில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லஸ்பி போன்றவர்கள் வளர்த்தெடுத்த வேகமான ஜாஸ் அது. சாக்ஸபோனும் டிரம்பெட்டும் கோலோச்சிய இடம். அதில் புல்லாங்குழலைக் கொண்டுவந்து உட்காரவைத்தவர்களில் சாம் மோஸ்ட் முக்கியமானவர். பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படாதவர்.

1930-ல் அட்லாண்டிக் சிட்டியில் பிறந்தார். அண்ணன் ஏப் மோஸ்ட் பேர்பெற்ற கிளாரினெட் கலைஞர். சாமும் கிளாரினெட், சாக்ஸபோன் வாசிப்பார். ஜாஸில் குழல் ஊதிய முதல் ஆள் அவர் இல்லை. கியூபாவைச் சேர்ந்த அல்பெர்ட்டோ சொக்காராஸ் 1920-களிலும், சிக் வெப் குழுவில் வேமன் கார்வர் 1930-களிலும் வாசித்திருக்கிறார்கள். ஆனால் பீபாப் மொழியைக் குழலில் தடுமாறாமல் பேசியது என்று பார்த்தால், 1953-ல் சாம் மோஸ்ட் வெளியிட்ட ‘அண்டர்கரன்ட் ப்ளூஸ்’ பதிவிலிருந்துதான் கணக்கு தொடங்க வேண்டும். அதே காலத்தில் கிளம்பிய ஹெர்பி மான் பெரும் புகழ் அடைந்தார். இருவரும் சேர்ந்தே 1955-ல் ஓர் இசைத்தட்டுக்கு வாசித்திருக்கிறார்கள். மான் லத்தீன் இசை, பிரபல இசை என்று வழியை அகலமாக்கிக்கொண்டார். மோஸ்ட் டிரம்ஸ் கலைஞர் பட்டி ரிச்சின் குழுவில் ஊர் சுற்றினார், பிறகு லாஸ் ஏஞ்சலஸில் தங்கி மற்றவர்களின் பதிவுகளுக்கு வாசித்தார். 1950-களின் கடைசியிலிருந்து 1976 வரை தன் பெயரில் தட்டு போடாமல் இருந்தால் எந்த ரசிகர் கூட்டம் காத்திருக்கும்?

1976-ல் டான் ஷ்லிட்டனின் ஸனாடு இசைத்தட்டு நிறுவனம் அவரை மறுபடி அழைத்தது. அப்படி வந்ததுதான் ‘மோஸ்ட்லி ஃப்ளூட்’. கூட இருப்பவர்களைப் பாருங்கள். பியானோவில் டியூக் ஜோர்டன், 1947-ல் சார்லி பார்க்கரின் குழுவிலேயே இருந்தவர். கிடாரில் டால் ஃபார்லோ, பெரிய கைகளுக்குப் பேர்போனவர். புகழின் உச்சத்தில் இருந்தபோதே மேடையை விட்டு ஒதுங்கி, விளம்பரப் பலகை எழுதும் பழைய தொழிலுக்குத் திரும்பியவர். பேஸில் சாம் ஜோன்ஸ். டிரம்ஸில் பில்லி ஹிக்கின்ஸ். இந்த ஐவரில் சத்தம் போட்டுக் கவனத்தை இழுப்பவர் ஒருவரும் இல்லை. அதனால்தான் குழல் பிழைக்கிறது. இந்த இசைத்தட்டை நான் ஒரு பாடப்புத்தகமாகவே பார்க்கிறேன்: மெல்லிய வாத்தியம் ஒன்று, டிரம் செட்டோடு மோதாமல், வேகத்தையும் விடாமல் எப்படிப் பேசலாம் என்பதற்கு.

வடசென்னையில் இதைக் கேட்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. துறைமுகத்துக்கும் மணலி, எண்ணூருக்கும் போகிற கன்டெய்னர் லாரிகளின் உறுமல், ஸ்டாண்டப் பேஸ் வாத்தியத்தின் ஒலி இருக்கிற அதே கீழ்ப்பகுதியில், ஏறக்குறைய 40 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை, வந்து படுத்துக்கொள்ளும். மேற்கத்தியக் குழலின் அடி ஸ்வரம் 262 ஹெர்ட்ஸில் ஆரம்பிக்கிறது, அதனால் குழல் கேட்கும். பேஸ் காணாமல் போகும். பேஸ் போனால் பீபாப் அர்த்தம் இழந்துவிடும், ஏனென்றால் குழல் எந்த ஸ்வரக்கட்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள், ஆங்கிலத்தில் ‘கார்டு’) மேல் நடக்கிறது என்று சொல்வதே பேஸ்தான். இன்னொரு பக்கம் சீலிங் ஃபேனின் ‘உஸ்’, குழலின் மூச்சுச் சத்தத்தை மறைக்கும். மோஸ்ட்டின் அழகில் பாதி அந்த மூச்சுக் கலப்பில் இருக்கிறது. ஆகவே ஸ்பீக்கரில் சத்தத்தை ஏற்றுவது தீர்வு இல்லை. காதை முழுக்க மூடுகிற ஹெட்ஃபோன், குறைந்த சத்தம், கேட்கும் நேரம் மட்டும் ஃபேனை நிறுத்துவது, இவ்வளவு போதும். போனில் ‘பேஸ் பூஸ்ட்’ போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அது பேஸைக் கூட்டாது, குழப்பத்தைக் கூட்டும்.

தட்டாகவே வாங்கிக் கேட்பவர்களுக்கு. சென்னையின் பழைய இசைத்தட்டுக் கடைகளில் ஸனாடு தட்டு கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம், வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதுதான் வழி. ஆனால் எந்த ஜாஸ் தட்டு கிடைத்தாலும் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று வேகம். பிளேயரின் பெல்ட் தளர்ந்து வேகம் 1 சதவீதம் தவறினால் சுருதி 17 சென்ட் நகரும், அதாவது அரை ஸ்வரத்தில் ஆறில் ஒரு பங்கு. டிரம்ஸில் அது தெரியாது. கார்வையாக நிற்கும் குழல் ஸ்வரத்தில் அப்பட்டமாகத் தெரியும். வேகம் பார்க்கும் கோட்டு அட்டையை (பிளேயரில் வைத்துச் சுழற்றினால், சரியான வேகத்தில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும்) இணையத்திலிருந்து எடுத்து அச்சடிக்கும்போது, நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கான 180 கோடு அட்டையை எடுக்க வேண்டும். அமெரிக்க அட்டையில் 216 கோடு இருக்கும்; அதை இங்கே வைத்துச் சரிசெய்தால் தட்டு தப்பான வேகத்தில் சுற்றும்போதுதான் கோடுகள் நிற்கும். நல்ல எல்இடி விளக்கு மினுங்காது என்பதால் அதன் கீழே அட்டை வேலை செய்யாது. பழைய குண்டு பல்பு அல்லது சோக் வைத்த டியூப்லைட் வேண்டும்.

இரண்டாவது பூஞ்சை. கடற்காற்றில் ஈரப்பதம் அதிகம். காகித உறைக்குள் வைத்த தட்டில் வெள்ளைப் புள்ளிகள் வரும். டிரம்ஸும் பித்தளை வாத்தியங்களும் அந்தப் பட்பட் சத்தத்தை மறைத்துவிடும், குழல் மறைக்காது. குழலின் ஒலி அவ்வளவு சுத்தமானது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நாலு பங்கு, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, மென்மையான துணி, பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை கழுவி நிழலில் காயவையுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதன் உப்பு காய்ந்து பள்ளத்தில் படியும், அப்புறம் பூஞ்சையைவிட மோசம். வீட்டில் பழைய 78 சுற்று அரக்குத் தட்டுகள் இருந்தால் இந்தக் கலவையைத் தொடவே விடாதீர்கள். ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.

சரி, கேட்பது. முதல் சுற்றில் குழலையே கவனிக்காதீர்கள். ஹிக்கின்ஸின் பெரிய சிம்பலை மட்டும் பிடியுங்கள். ‘டிங் டிங்-க டிங் டிங்-க’ என்று போகும். நம் பாஷையில் சொன்னால் ஒவ்வொரு தட்டும் (இனி தட்டு என்றால் தாளத்தின் ஓர் எண்ணிக்கை) ‘தகிட’ என்று மூன்றாகப் பிரிகிறது; ‘டிங்-க’ வரும் தட்டில் ‘த’வும் ‘ட’வும் மட்டும் ஒலிக்கிறது, ‘கி’ மௌனம். முதல் ஸ்வரம் இரண்டு பங்கு, அடுத்தது ஒரு பங்கு. இதுதான் ஸ்விங் நடை. ஆனால் காலம் ஏற ஏற இந்த 2-க்கு 1 கணக்கு சமமாக நெருங்கிக்கொண்டே வரும். துரிதத்திலும் ‘தகிட’வைப் பிடிவாதமாக வைத்து வாசித்தால் நொண்டி நடக்கிற மாதிரி இருக்கும். அடுத்தது, தாளம் போடுவதை மாற்றிக்கொள்ளுங்கள். நாலு எண்ணிக்கையில் முதல் எண்ணிக்கைக்குத் தட்டிப் பழகிய கை நமக்கு. இங்கே ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல்) மூடும் சத்தம் 2-லும் 4-லும் விழும். கையை அங்கே மாற்றினால், கேட்கிற இசையே வேறாக மாறும். இது பழக ஒரு வாரம் ஆகலாம். இதைத் தாண்டாமல் மேலே போகாதீர்கள்.

இரண்டாம் சுற்றில் சாம் ஜோன்ஸின் பேஸ், தட்டுக்கு ஒரு ஸ்வரமாக நடந்துகொண்டே இருக்கும். மூன்றாவதில் பியானோவும் கிடாரும். இரண்டுமே ஸ்வரக்கட்டு வாசிக்கும் வாத்தியம், ஒரே குழுவில் இரண்டும் இருப்பது ஆபத்து. குழலின் பின்னால் யார் வாசிக்கிறார்கள், யார் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். விட்டுக்கொடுக்கும் மரியாதை அங்கே தெரியும். நான்காவது சுற்றில்தான் மோஸ்ட்.

மோஸ்ட்டிடம் கவனிக்க வேண்டியது வேகம் அல்ல, நாக்கு. துத்துகாரம் என்று நம் குழல்காரர்கள் சொல்வதே. நிமிஷத்துக்கு 240 தட்டு என்றால், தட்டுக்கு இரண்டு ஸ்வரம் என்ற கணக்கில் நொடிக்கு 8 ஸ்வரம். ஒவ்வொன்றுக்கும் ‘து’ போட்டால் நாக்கு தளர்ந்துவிடும். ‘துகு துகு’ என்று இரட்டை நாக்கு போட்டால் எல்லா ஸ்வரமும் ஒரே எடையில் வந்து மேற்கத்திய சாஸ்திரிய இசைப் பயிற்சி போல ஒலிக்கும். பீபாப் வழி வேறு: எதிர்த்தட்டில், அதாவது இரண்டு தட்டுக்கு நடுவில், விழும் ஸ்வரத்துக்கு மட்டும் மெல்லிய ‘து’, அதிலிருந்து அடுத்த தட்டுக்கு மூச்சாலேயே சறுக்கி இணைப்பது. ‘து-ஊ, து-ஊ’ என்று வரும், ஆனால் அந்த ‘து’ தட்டில் இல்லை, தட்டுக்கு முன்னால். நாக்கின் வேலை பாதியாகிறது, நடையும் தானாக ஆடத் தொடங்குகிறது.

இப்போது மூங்கில் குழல் வாசிப்பவர்களுக்கு. இதைப் பற்றித் தமிழில் யாரும் எழுதாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் நம் குழல் பீபாப்புக்கு ஏற்கெனவே பாதி தயாராக இருக்கிறது. அரைத்துளை இல்லாமல் முழுத்துளைகளை மட்டும் திறந்து மூடினால் கர்நாடகக் குழலில் வருவது ஹரிகாம்போதி. ஜாஸில் ‘டாமினன்ட்’ என்று சொல்லும் ஸ்வரக்கட்டுக்கு உரிய வரிசை அதுவேதான். 4 கட்டைக் குழல் எடுத்தால் ஸா மேற்கத்திய எஃப். பீபாப்காரர்கள் ப்ளூஸ் வாசிக்க மிகவும் விரும்பும் சுருதிகளில் ஒன்று அது. 4 கட்டைக் குழல் நீளம், விரல் எட்டாதவர்கள் 5 கட்டையில் பழகலாம். கூட வாசிப்பவர் ஜி-க்கு மாற்றிக்கொண்டால் போதும்.

ப்ளூஸ் ஒரு சுற்று 12 அளவு (ஆங்கிலத்தில் ‘பார்’), அளவுக்கு 4 தட்டு. எளிய வடிவம் இது. முதல் 4 அளவு ஸாவின் மேல்: ஹரிகாம்போதி. 5, 6 மத்யமத்தின் மேல்: அந்தர காந்தாரத்தைச் சாதாரண காந்தாரமாக இறக்கினால் போதும், கையில் இருப்பது கரகரப்பிரியா. 7, 8 மறுபடி ஹரிகாம்போதி. 9, 10 பஞ்சமத்தின் பக்கம்: காந்தாரம் அந்தரமாகவே இருக்க, நிஷாதத்தைக் காகலியாக ஏற்றுங்கள், சங்கராபரணம். 11, 12 வீடு திரும்பி ஹரிகாம்போதி. ஒரு சுற்றுக்குள் மூன்று மேளம், மாறுவது ஒரே ஒரு ஸ்வரம் தான் ஒவ்வொரு முறையும். நிமிஷத்துக்கு 200 தட்டு வேகத்தில் இந்த 12 அளவும் 14.4 நொடியில் முடிந்துவிடும், யோசிக்க நேரம் இல்லை. 60-ல் ஆரம்பித்து, மூன்று சுற்று தவறில்லாமல் வந்தால் 4 ஏற்றுங்கள். அவசரப்பட்டு 100-க்குத் தாவினால் தவறுவது எப்போதும் 5-ம் அளவில்தான்: காந்தாரம் இறங்க மறந்து, பியானோவின் ஸ்வரக்கட்டோடு உரசும். அந்த உரசல் காதுக்கு நெல்லில் கல் போல.

இனி முக்கியமான நுணுக்கம். மேல் ஸாவிலிருந்து ஹரிகாம்போதியை நேராக இறக்கினால் ஏழு ஸ்வரம்: ஸா நி த ப ம க ரி. தட்டுக்கு இரண்டாகப் போட்டால் தட்டுகளில் விழுபவை ஸா, த, ம, ரி. ஸ்வரக்கட்டின் அங்கங்களான க, ப, நி மூன்றும் இடுக்கில் போய் விழுந்துவிட்டன. காதுக்கு எங்கேயும் ஊன்றாமல் மிதக்கிற மாதிரி இருக்கும். இப்போது ஸாவுக்கும் கைசிகி நிஷாதத்துக்கும் நடுவில் காகலியைச் சொருகுங்கள் (நி3 காகலி, நி2 கைசிகி):

ஸா நி3 | நி2 த | ப ம | க ரி | ஸா

தட்டுகளில் விழுபவை ஸா, நி2, ப, க. அத்தனையும் ஸ்வரக்கட்டின் அங்கங்கள்! ஏழு ஸ்வரத்தை எட்டாக்கிய அந்த ஒரு ஸ்வரம்தான் பீபாப் வரிகளுக்கு அந்தத் தெளிவைத் தருகிறது. கர்நாடக இசை கற்றவருக்கு இரண்டு நிஷாதமும் அடுத்தடுத்து வருவது கை கூசும். காம்போதியில் காகலி எட்டிப்பார்ப்பது எப்போதாவது, அதற்கென்று வைத்த பிடியில் மட்டும். இங்கே அது அன்னிய ஸ்வரமும் இல்லை, அலங்காரமும் இல்லை, எண்ணிக்கையைச் சரிசெய்யும் ஆப்பு. அதனால் அதன்மேல் கமகம் கூடாது, நிற்கவும் கூடாது.

கையில் எப்படி? ஸாவுக்கு முதல் இரண்டு துளை மூடியிருக்கும், கைசிகிக்கு மூன்று. காகலி என்றால் மூன்றாவது துளை பாதி. விரலைச் சறுக்கிப் பாதியில் நிறுத்தப் பார்த்தால் துரிதத்தில் ‘ஸ்ஸ்னீ’ என்று இழுவை வரும், நம் காதுக்கு அது ஜாருவாக (சறுக்கிப் போகும் கமகம்) பழகிப்போனதால் தவறு என்றே தெரியாது. பதிவு செய்து கேட்டால்தான் தெரியும். விரலைத் துளையின் வெளி விளிம்பில் செங்குத்தாக வைத்து, பிறகு விரல் தசையை உள்பக்கம் உருட்டி மூடுங்கள்: வைப்பது காகலி, உருட்டுவது கைசிகி. இரண்டு அசைவு, இடையில் சறுக்கல் இல்லை. இந்த மூன்று ஸ்வரத்தை மட்டும் தினமும் பத்து நிமிஷம்.

வெள்ளிக் குழல் வைத்திருப்பவர்களுக்கு அரைத்துளைத் தொல்லை இல்லை, வேறு தொல்லை உண்டு. கடற்கரையோரத்தில் பேடுகள் (துளைகளை மூடும் மெத்தைகள்) ஈரத்தில் உப்பி ஒட்டும், ஜி-ஷார்ப் சாவி முதலில் மாட்டும். மெல்லிய சிகரெட் காகிதத்தைப் பேடுக்கடியில் வைத்து, சாவியை லேசாக அழுத்தி, விட்டு, காகிதத்தை எடுங்கள். அழுத்தியபடி இழுத்தால் பேடின் தோல் கிழியும். ஊதி முடித்ததும் உள்ளே துடைப்பது, பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம், இரண்டும் கட்டாயம். தலைத்துண்டின் கார்க் இருப்பிடத்தைத் துடைக்கும் குச்சியின் கோட்டை வைத்துப் பாருங்கள், ஊது துளையின் நடுவில் தெரிய வேண்டும். கார்க்கிலிருந்து ஊது துளையின் நடுவுக்கு ஏறக்குறைய 17 மில்லிமீட்டர். அது நகர்ந்திருந்தால் கீழ் ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் ஒன்றுக்கொன்று சேராது. மே மாத வெயிலில் சுருதி ஏறுவதற்கு உலோகம் விரிவது காரணம் இல்லை. உள்ளிருக்கும் காற்று சூடாகி ஒலி வேகமாகப் போவதால் ஏறுகிறது. தலைத்துண்டை வழக்கத்தைவிட இன்னும் சில மில்லிமீட்டர் வெளியே இழுத்துவிட்டு, ஐந்து நிமிஷம் ஊதிய பிறகு சுருதி பாருங்கள், எடுத்தவுடன் பார்க்காதீர்கள்.

கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வாசிக்கும் பேண்டு செட்களில் கிளாரினெட் ஊதுகிறவர்கள் நம் பகுதியில் உண்டு. மோஸ்ட் வந்த வழி அவர்களுக்கும் திறந்தே இருக்கிறது. கிளாரினெட்டின் மேல் பகுதி விரலடிகள் குழலின் விரலடிகளோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். கீழ்ப்பகுதி ஒத்துப்போகாது, ஏனென்றால் கிளாரினெட்டில் அழுத்தி ஊதினால் ஸ்தாயியும் பஞ்சமமும் தாண்டும், குழலில் ஒரு ஸ்தாயிதான். கஷ்டம் விரலில் இல்லை, தம்மில். நாணல் கொடுக்கும் எதிர்ப்பு குழலில் இல்லாததால் காற்று கொட்டிவிடும். 200 வேகத்தில் 8 அளவு 9.6 நொடி, அதை ஒரே மூச்சில் ஊத முயலாமல், 2 அளவுக்கு ஒருமுறை வாக்கியத்தை முடித்து மூச்சு வாங்குங்கள். பீபாப்பில் மூச்சு வாங்கும் இடமும் வாக்கியத்தின் பகுதி.

கடைசியாக, மோஸ்ட்டின் முத்திரையான பாடிக்கொண்டே ஊதுவது. பின்னால் ரோலண்ட் கிர்க் இதை உரக்கச் செய்து பிரபலமாக்கினார். மோஸ்ட்டிடம் அது முணுமுணுப்பு. குழல் ஒரு ஸ்வரத்தில் நிற்க, ஆண் குரல் ஒரு ஸ்தாயி கீழே அதே ஸ்வரத்தை மெல்ல ‘ஊ’ என்று பிடிக்க வேண்டும். முதல் முயற்சியில் குழல் நின்றுவிடும். குரல்வளை காற்றைப் பங்கு கேட்கிறது, அதனால் உதட்டு இடைவெளியை மயிரிழை அகட்டி, வயிற்றிலிருந்து காற்றைக் கூட்டுங்கள். குழலை முதலில் தொடங்கி, குரலைப் பிறகு சேர்ப்பது எளிது. குரல் சுருதி கொஞ்சம் விலகினாலும் ‘வவ்வவ்’ என்று அலை கேட்கும். அலை மெதுவாகி நிற்கும் வரை குரலை நகர்த்துங்கள், குழலை அல்ல. பஞ்சமத்தில் ஆரம்பியுங்கள், அங்கே இரண்டுக்கும் வசதி. தம் பாதியாகக் குறையும் என்பதால் இதை ஒரு சுற்று முழுக்கச் செய்யாமல், 11-ம் அளவில், வீடு திரும்பும் இடத்தில் மட்டும் வைத்துப் பாருங்கள்.

‘மோஸ்ட்லி ஃப்ளூட்’ பிடித்துவிட்டால் அடுத்து 1978-ல் பதிவான ‘ஃப்ரம் தி ஆட்டிக் ஆஃப் மை மைண்ட்’. அதில் கென்னி பேரன் பியானோ, ஜார்ஜ் டுவிவியர் பேஸ், மெட்டுகள் மோஸ்ட்டின் சொந்தம். அதற்கடுத்து ஜோ ஃபேரலுடன் இரட்டைக் குழலாக வாசித்த ‘ஃப்ளூட் டாக்’, 1979. அதில் எது யார் என்று கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்துவிட்டால் உங்கள் காது தேறிவிட்டது. அடையாளம் வேண்டுமா? மேல் ஸ்தாயியைத் தேடாதீர்கள். கீழ் ஸ்தாயியில், மூச்சு கலந்து, வாக்கியம் முடியும் இடத்தில் ஸ்வரம் ஒலிப்பதை நிறுத்திய பிறகும் காற்று மட்டும் கொஞ்சம் நீள்கிறதே, அது மோஸ்ட்.